ஒன்பதில் ஒன்று

ரமேஸ் அப்படி வாய்விட்டுச் சிரித்து ஜீவராணி கேட்டு மாதக்கணக்காகிறது. பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் கைக்குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தவளுக்கு, பக்கத்துப் பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. கணக்கு டீச்சர் யசோதினியோடு ஜீவராணியின் புருஷன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

தோட்டங்களுக்கிடையே கிரிக்கெட் போட்டி, ரமேஸ்தான் கேப்டன். இறுதிப் போட்டிக்குப் போக வழியுண்டா என்று பார்க்கத்தான் டீச்சரிடம் போகிறானாம். மிச்சம் இரண்டு ஆட்டம்: இவர்களுடையது ஒன்று, அதே இடத்துக்கு முட்டும் ஹல்துமுல்லைத் தோட்டத்தினுடையது ஒன்று. வெற்றி, தோல்வி என்று டீச்சர் நான்கு கட்டம் போட்டிருந்தாள். மட்டக்களப்பிலிருந்து வந்தவளுக்கு இந்த மலைப் பனியைப் பற்றி என்ன தெரியும்? பனி இறங்கினால் ஆட்டம் நின்றுவிடும், புள்ளியைப் பாதியாகப் பிரிப்பார்கள் என்று ரமேஸ் சிரித்துச் சிரித்துச் சொல்ல, நான்கு ஒன்பதானது.

"ஒம்பதுல எட்டுல நாங்க உள்ளுக்கு," என்றான் அன்று சோற்றைப் பிசைந்தபடி. "நாங்க தோத்து ஹல்துமுல்லையும் ஜெயிச்சாத்தான் வெளிய. டீச்சருக்கு என்னா மூளை தெரியுமா?"

உள்ளே போனால் இன்னும் ஒரு மாதம் அந்த வராந்தாதான். அந்த ஒன்றே நடக்கட்டும் என்று ஜீவராணி மாரியம்மனை வேண்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரமேஸ் அணி தோற்றது. அடுத்த ஆட்டத்தில் ஹல்துமுல்லைக்குச் சில ஓட்டங்களே தேவைப்பட்டபோது பனி இறங்கியது. பனி மூடினால், ஆடாத தோட்டத்து ஆள் ஒருவரிடம் விக்கெட் தெரிகிறதா என்று கேட்பது அங்கே வழக்கம். நடுவர் வீரய்யா எல்லைக் கோட்டில் நின்ற ஜீவராணியைக் கேட்டார்.

வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"தெரியுதுங்க," என்றாள்.

ஆட்டம் தொடர்ந்தது. ஹல்துமுல்லை வென்றது, ரமேஸ் அணி வெளியேறியது.

"ஒம் பொஞ்சாதி கண்ணுக்கு அம்பயர் வேலையே குடுக்கலாம்டா," என்று லயத்து வீட்டு வாசலில் பையன்கள் ரமேஸைக் குத்திக்காட்டினார்கள். அவளுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள் என்று அவன் சமாளித்துவிட்டு உள்ளே வந்தான்.

"நெசமா தெரிஞ்சிச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் புள்ள?"

"நீங்க அங்க போயி சிரிக்கிறது பொறுக்கல."

"சொல்லியிருந்தா போகாம நின்னுருப்பேனே."

"நான் சொல்லித்தான் நிக்கணுமா?"

வெளியே கேலி ஓயவில்லை. அவளைப் பொய்க்காரி என்றே ஒருவன் சொல்லிவிட்டான். ரமேஸ் எழுந்து வாசலுக்குப் போனான்.

"அவ பொய் சொல்லல. எனக்கும் தெரிஞ்சிச்சு," என்றான்.

இப்போது இருவருமே பொய்யர்கள். ஜீவராணிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.