மாமனார் பூசி மறைத்த விரிசல்

மாடிப்படியின் அடியிலிருந்து பெயர்ந்து விழுந்த கான்கிரீட் துண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அது விழுந்த இடம், துணி தைக்கக் கொடுத்தவர்கள் வந்து காத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. பிள்ளைகளின் சீருடையை வாங்கிப்போக வந்த ஒரு பெண்மணி அதுவரை அதில்தான் உட்கார்ந்திருந்தாள். துணி தயார் என்று குரல் கேட்டதும் எழுந்து உள்ளே போயிருந்தாள். சத்தம் கேட்டு அவளும் தையல்காரியும் வெளியே ஓடிவந்தபோது நாற்காலியின் முதுகு இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பெண்மணி சீருடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் நடந்துவிட்டாள்.

தையல்காரி உடைந்த நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. பக்கச் சுவரை ஒட்டி, வெளிப்புறமாகவே, மாடிக்கு ஏறும் கான்கிரீட் படிக்கட்டு. அதன் அடியில் எந்நேரமும் நிழல் இருக்கும் என்பதால் நாற்காலியும் அங்கே, அவள் கணவனின் மோட்டார் சைக்கிளும் அங்கே.

மாடியில் இருந்தது ஒரே ஓர் அறை. அதில் மாமனார் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை பார்த்த காலமெல்லாம் தரைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள், தனியாக உட்கார்ந்தே பழகிவிட்டவர். மாமியார் போன பிறகு, "எனக்கு மேல இருக்கிற ரூம் போதும்மா" என்று சொல்லிப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு இறங்கி வருவார், சாப்பிட்டதும் ஏறிவிடுவார். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். துண்டு பெயர்ந்த இடத்தில் இரும்புக்கம்பி செங்காவி நிறத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஓர் ஓரமாகப் புதுச் சிமெண்ட். பழைய கான்கிரீட் கறுத்துக் கிடக்க, இது மட்டும் வெளுப்பாக, விரலால் வழித்துத் தேய்த்ததுபோல் இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தால் அதேமாதிரி ஒட்டுப் பூச்சுகள் அங்கங்கே தெரிந்தன.

மறுநாள் கொத்தனார் வந்தார். சுத்தியலின் பின்பக்கத்தால் படிக்கட்டின் அடிவயிற்றை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். மேல்பக்கம் கணீரென்று பதில் வந்தது. கீழ்ப்பாதிக்கு வந்ததும் சத்தம் பொத்தென்று மாறியது.

"இதை யாருங்க பூசினது?" என்று கேட்டார்.

"யாரும் பூசலையே" என்றான் கணவன்.

மேலே மாமனார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, தெருவில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொத்தனார் ஒரு பூச்சைச் சுரண்டிக் காட்டினார். "மாடி பாத்ரூம் குழாய் ஒழுகித் தண்ணி உள்ளயே ஊறியிருக்கு. அதை முதல்ல நிறுத்தணும், இல்லன்னா எதைச் செஞ்சாலும் வீண். இப்ப ரெண்டு வழி இருக்கு. பெயர்ந்ததையெல்லாம் உடைச்சு எடுத்து, கம்பியில துருவைத் தேய்ச்சு, மருந்தடிச்சுப் பூசலாம். கொஞ்ச வருஷம் ஓடும். மேல்பாதிக்கு அது தாராளமாப் போதும். கீழ்ப்பாதியிலதான் கம்பியே பாதி கரைஞ்சிருக்கு. என் வீடா இருந்தா முழுசாவே இடிச்சுட்டுப் புதுசாப் போடுவேன். ஆனா உங்க வீடு, நீங்க பேசிச் சொல்லுங்க. போட்டா ஒரு மாசத்துக்கு மேல யாரும் மாடிக்கு ஏற முடியாது."

"பூசினாப் போதும்" என்று மேலிருந்து குரல் வந்தது. காது மந்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது மட்டும் துல்லியமாகக் கேட்டிருக்கிறது.

"இடிச்சுடலாம்" என்றான் மகன்.

அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடிவாதமாக நின்றார்கள். கொத்தனார் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முடிவானதும் கூப்பிடுங்கள் என்று நழுவிவிட்டார்.

சமையலறையில் கணவன் குரலைத் தாழ்த்தினான். "இந்தச் சாக்குல அப்பாவைக் கீழ கொண்டுவந்துடலாம். ஏறும்போதெல்லாம் எனக்குப் பக்குபக்குங்குது. ஒருதடவை கீழ வந்து பழகிட்டாருன்னா, அப்புறம் என்ன, அப்படியே இருந்துடுவாரு."

"அவர்கிட்ட அதைச் சொல்லுவீங்களா?"

"இப்பவே எதுக்குச் சொல்லணும்? படி முடியட்டும், பாத்துக்கலாம்."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. டீயை எடுத்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே கால் வைத்து மாடிக்கு ஏறினாள்.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு அடியில், செருப்புகளுக்குப் பின்னால், கட்டித்தட்டிப்போன சிமெண்ட் பை ஒன்றும் ஒரு சின்னக் கரண்டியும் இருந்தன. அவள் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். காலால் செருப்பைக் கொஞ்சம் நகர்த்தினார். அதனால் எதுவும் மறையவில்லை.

"நீங்கதானா மாமா?"

"போன மழைக்கே விரிசல் தெரிஞ்சுதும்மா. நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி இறங்கி, பூசிட்டு வந்துடுவேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இடிப்பீங்க. இடிச்சா நான் கீழ வரணும். வந்தா அவன் மறுபடி ஏற விடமாட்டான்." டீயை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. "இல்லன்னு நீ சொல்லு பாக்கலாம்."

சமையலறையில் கேட்ட வார்த்தைகளை மென்று விழுங்கினாள். பிறகு வேறொன்றைச் சொன்னாள்.

"நேத்து துண்டு விழுந்துச்சே, அந்த நாற்காலியில ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க மாமா. நான் கூப்பிட்டேன், எழுந்து உள்ள வந்தாங்க. உடனே விழுந்துச்சு. சின்னப் பசங்க இருக்கிற அம்மா அவங்க."

அவருக்கு அது தெரியாது. நாற்காலி உடைந்தது என்று மட்டும்தான் நினைத்திருந்தார். டம்ளரைத் தரையில் வைத்தார்.

"நான் பூசினதுதான் விழுந்துச்சா?"

"அதுவும், அதுக்குப் பின்னாடி இருந்ததும். நீங்க பூசாம விட்டிருந்தா எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"இடிக்கச் சொல்லு" என்றார். "நான் கீழ வரேன். ஆனா திரும்ப ஏறுறதுக்கு நீ பொறுப்பு. அவன் சொன்னா நம்பமாட்டேன். நீ சொல்லு."

"ஏறுவீங்க மாமா. நான் பொறுப்பு."

மாடிக் குழாயின் ஒழுக்கை அடைத்ததும், அடுத்த வாரமே இடிப்பு தொடங்கியது. மாமனாரின் கட்டில் தையல் அறைக்கு வந்து சேர்ந்தது. கத்தரிக்கோலும் நூல்கண்டும் வைக்கக்கூட இடம் போதாத அறையில், இப்போது குறட்டையும் வானொலியும் வேறு. துணி வாங்க வருகிறவர்களிடம் "தோள்பட்டை கொஞ்சம் தூக்கியிருக்கே" என்று கருத்துச் சொல்வார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் ஜன்னலில் நின்று, கிரேனுக்குச் சைகை காட்டுவதுபோல் கொத்தனாருக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார். கொத்தனார் பார்க்காததுபோல் இருந்துகொள்வார்.

கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் முன் கொத்தனார் அவளிடம் கேட்டார். "பழைய மாதிரியே போடவா அக்கா? இது ரொம்பச் செங்குத்து. உயரத்தைக் குறைச்சு அகலமாப் போட்டா பெரியவருக்கு நல்லது. நடுவுல ஒரு நாற்காலி போடுற அளவுக்குத் தளமும் விடலாம். ஆனா படி முன்னாடி நீளும். வண்டி நிறுத்துற இடம் போயிடும்."

"அப்படியே போடுங்க" என்றாள். "ரெண்டு பக்கமும் பிடிச்சு ஏற கம்பி வேணும்."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கணவன் தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். "அப்போ என் வண்டி?"

"வண்டிக்கு முட்டி வலிக்காதுங்க. உங்க அப்பாவுக்கு வலிக்கும்."

"அவர் ஏறப்போறாருன்னு யார் சொன்னது?"

"நான் சொன்னேன்."

இரண்டு நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கான்கிரீட் போட்டாயிற்று. ஈரச் சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் விடும் வேலையை மாமனார் யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால், எத்தனை நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்று தானே கட்டியதுபோல் விளக்குவார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு காலை, குளியலறையில் தொப்பென்ற சத்தம். அவள் கதவைத் தள்ளிப் பார்த்தபோது அவர் ஈரத் தரையில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ரத்த அழுத்த மாத்திரை அதிகமானதால் வந்த மயக்கம் என்று டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்தார். ஆனால் வீடு திரும்பியதும் கணவன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்.

"அவ்வளவுதான். இனிமே மாடிப் பேச்சே கிடையாது."

அவளும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. கொடுத்த வாக்கை நினைத்தாள், ஆள் நன்றாக இருப்பதைவிட வாக்கு பெரிதா என்றும் நினைத்தாள். வயசானவர்தான், நாள் போனால் புரிந்துகொள்வார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாமனார் சண்டை போடவே இல்லை. சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் சாக்குகள் காய்ந்து கிடந்தன. வானொலி பாடவில்லை. வாடிக்கையாளர் ஒருத்தி சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பி நின்றபோதும், அவர் சுவரையே பார்த்துப் படுத்திருந்தார். தோள்பட்டை தூக்கித்தான் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

அவளே வாளியை எடுத்துப்போய்ச் சாக்குகளை நனைத்தாள். நனைத்து முடித்ததும், ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவனின் எதிரே போய் நின்றாள்.

"மயக்கம் வந்தது கீழதாங்க. மாடியில இல்ல."

"அதனால?"

"கீழ வெச்சுக்கிட்டா விழமாட்டாருன்னு யார் சொன்னது? மாத்திரையைக் குறைச்சாச்சு. நான் வாக்குக் கொடுத்துத்தான் அவரை இறக்கினேன். இப்ப இல்லன்னா, அது ஏமாத்தி இறக்கினதாயிடும்."

"மேல விழுந்து கிடந்தா நமக்குத் தெரியவே தெரியாதே" என்றான். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் பயம் எவ்வளவு என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டில் பக்கத்துல ஒரு காலிங் பெல் வெச்சுடலாம், கீழ அடிக்கிற மாதிரி. குளிக்கிறது மட்டும் இங்க, நாம இருக்கும்போது. இதுக்கு அவரை ஒத்துக்க வைக்கிறது என் வேலை."

அவன் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார விடுமுறையில் கடைக்குப் போய் பெல்லும் ஒயரும் வாங்கி வந்தவன் அவன்தான்.

பலகைகளைப் பிரித்த அன்று, கொத்தனார் ஒவ்வொரு படியிலும் ஏறிக் குதித்துக் காட்டினார். பிறகு மாமனார் ஏறினார். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். தையலக்கா பின்னாலேயே போனாள், தொடவில்லை. நடுத்தளத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"குளிக்க மட்டும் கீழ வரணும் மாமா. அதுல பேச்சு மாறக்கூடாது."

"மாறமாட்டேன்" என்றார். "நீ மாறலையே."

கட்டிலையும் மாடிக்கு ஏற்றி, பெல்லையும் மாட்டி முடித்த அன்று சாயங்காலமே அது அடித்தது. இருவரும் போட்டது போட்டபடி மாடிக்கு ஓடினார்கள். அவர் கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார்.

கணவன் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தான். திட்டப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் உள்ளே போய், அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கத் தெரிந்தது. அங்கே யார் போகிறார்கள் என்று அப்பா காட்டினார், மகன் பார்த்தான். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அவன் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று.