கோடு படுத்திருந்த வருஷங்கள்

ஆகாஷ் செல்போனை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, ஜன்னலைப் பாதி சாத்தி, மாமியார் நிர்மலாவை நாற்காலியில் உட்காரவைத்தான். மகள் உதயாவின் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை நிர்மலா கட்டியிருந்தாள். சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. தணிகைமணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டு, ஒரு பழைய காலண்டர் அட்டையால் மனைவிக்கு விசிறிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க மாமா, உங்க கை தெரியுது."

அவர் ஒரு அடி பின்னால் போய் இன்னும் வேகமாக விசிறினார்.

ஆகாஷுக்குச் சென்னையில் பேங்க் வேலை. பங்குச்சந்தையைப் பற்றி யூடியூபில் பேசுவான். ஆனால் இப்படி ஒரு பங்குப் பத்திரம் தன் மாமியார் வீட்டுப் பீரோவிலேயே இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. அரக்கோணம் சாலையில் ஊசிமருந்து புட்டிகளுக்கு ரப்பர் மூடி செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. நிர்மலா அங்கே பேக்கிங்கில் இருந்தாள். தொண்ணூற்று நாலில் கம்பெனி பங்கு வெளியிட்டபோது, வேலை செய்கிறவர்களுக்கும் பத்து ரூபாய் விலையில் கொடுத்தார்கள். சீட்டு எடுத்த பணத்தில் ஐந்நூறு பங்கு வாங்கினாள். கூட வாங்கியவர்கள் ஒரு வருஷத்துக்குள் விற்று மிக்ஸி, தையல் மெஷின் என்று வாங்கிப்போட்டார்கள். நிர்மலா விற்கவில்லை. போனஸ் பங்கு என்றும், ஒரு பங்கைப் பலவாகப் பிரித்துக் கொடுத்தது என்றும் ஐந்நூறு பத்தாயிரமாகி, போன மாதம் ஆகாஷ் கணக்குப் போட்டுச் சொன்ன தொகை நாற்பத்து மூன்று லட்சம். கேட்டதும் நிர்மலா அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பது வருஷம். வருஷத்துக்கு சராசரியா இருபத்தஞ்சு பர்சன்ட் வளர்ந்திருக்கு, அத்தை. நீங்க எப்படிப் பொறுமையா இருந்தீங்க? கம்பெனி மேல அவ்ளோ நம்பிக்கையா?"

"ஆங்," என்றாள் நிர்மலா.

அவன் இன்னொரு போனில் அந்தப் பங்கின் விலை ஏறி இறங்கிய கோட்டுப் படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு. அப்புறம் கோடு கீழே விழுந்து, எழுந்திருக்க மனமில்லாததுபோல நெடுந்தூரம் படுத்துக்கிடந்தது. வலது ஓரத்தில்தான் மலைப்படி மாதிரி விறுவிறுவென்று ஏறியது. ஆகாஷின் விரல் அந்த ஏற்றத்தையே தடவியது. நிர்மலாவின் கண் படுத்திருந்த இடத்திலேயே நின்றது. அந்த மேட்டின் உச்சியில் பங்கு தொண்ணூறு ரூபாய், ஐந்நூறும் சேர்ந்து நாற்பத்தைந்தாயிரம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மனை அதே விலைக்கு வந்தது. "வித்துட்டு மனைய வாங்கு, காகிதத்துலயா குடியிருக்கப் போற?" என்று தணிகைமணியின் அம்மா குப்பம்மாள் மன்றாடினாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள் நிர்மலா. மறுவருஷம் பங்கு மூன்று ரூபாய்க்கு வந்து நின்றது. அந்த மனையைத் தாண்டும்போதெல்லாம் குப்பம்மாள் ஒரு பெருமூச்சு விடுவாள், சாகிறவரைக்கும். கோடு படுத்திருந்த இடத்தில்தான் உதயா பெரியவளானாள். மாமியார் பக்கவாதத்தில் கிடந்தாள். வாடகைக்கு வீடு வீடாக மாறினார்கள். தணிகைமணி விடியற்காலை முதல் வண்டிக்கு முருகனைக் கும்பிட வருகிறவர்களுக்காகத் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவோடு காத்திருந்தார். மாமியார் அத்தனை பேசியும் அவர் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்று ஆகாஷ் கேமராவைப் பார்த்துத் தொடர்ந்தான். "நிறையப் பேர் வீடு மாறிட்டு அட்ரஸ் மாத்தாம விட்டுருவாங்க. கம்பெனி லாபத்துல குடுக்குற டிவிடெண்ட் செக் திரும்பிப் போயிரும். ஏழு வருஷம் அப்படியே கிடந்தா ஷேரே கவர்மென்ட் ஃபண்டுக்குப் போயிரும். அத்தை அஞ்சு வீடு மாறியும் ஒவ்வொரு வாட்டியும் கம்பெனிக்கு கரெக்டா எழுதி அட்ரஸ மாத்தியிருக்காங்க. இல்லன்னா இன்னிக்கி இது கையில இல்ல."

"நானா?" நிர்மலா நிமிர்ந்தாள். "நான் எங்கப்பா எழுதினேன்?"

காலண்டர் அட்டையின் காற்று நின்றது.

"இன்னாங்க?" என்று திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தான் எழுதிப் போட்டேன்," என்றார் தணிகைமணி. ஆட்டோ லைசென்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் போல நின்றார்.

"என் கையெழுத்து வேணுமே?"

"ரேசன் கார்டுக்குன்னு சொல்லி வாங்கிக்கினேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"வித்துரு வித்துருன்னு அம்மா தெனம் சொல்லிகினு இருந்தாங்க. அதுல நான் போயி இத எப்டி சொல்றது?" அவர் அட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வருசத்துக்கு ஒரு வாட்டி அந்த கம்பெனி புக்கு வரும். தபால்காரரு தெருவுலயே நின்னு, 'டி. நிர்மலா'ன்னு கூப்புடுவாரு. நீ கைய முந்தானையில தொடச்சிகினு ஓடுவ. வேற எதுக்கும் நீ அப்டி ஓடி நான் பாத்ததில்ல. வூட்டுக்கு வர்ற மத்த தபாலெல்லாம் என் பேருக்குத்தான வரும்."

நிர்மலா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். அந்தப் புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ் அவளுக்கு ஒரு வரி புரியாது. மேலே ஒட்டியிருந்த தன் பெயரைப் படிப்பாள், உள்ளே இருக்கும் தொழிற்சாலைப் படங்களைப் பார்ப்பாள், பத்திரப்படுத்துவாள். அதற்காகவா ஒரு மனையை விட்டோம் என்று எத்தனையோ நாள் தன்னையே திட்டியிருக்கிறாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அடக்கியே வைத்திருந்த ஆசை அது. பக்கத்தில் படுத்திருந்தவருக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்கு அந்த மனைமேல ஆச இல்லியா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சி. ஏன் இல்லாம?" என்றார் அவர். "ஸ்டாண்டுக்குக் கிட்ட. மத்தியானத்துல வந்து ஒரு தூக்கம் போட்டுட்டுப் போலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நிர்மலாவால் சிரிக்க முடியவில்லை. ஆகாஷ் செல்போனைக் கையில் எடுத்து, பதிவை நிறுத்தினான்.

"அத்தை, இத போடட்டுமா? பாக்கறவங்க அழுதுருவாங்க."

"வேணாம்பா. நம்பிக்கையான்னு கேட்டதுக்கு ஆங்னு சொன்னேன் பாரு, அதோட நிறுத்திக்க. மிச்சம் எங்க வூட்டு சமாச்சாரம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மொதல்ல கொஞ்சம் வித்துக் குடு. இவருக்குக் கண்ணுல புரை விழுந்து ரெண்டு வருசமாவுது. ஆட்டோ நின்னா பொழப்பு நின்னுரும்னு டாக்டராண்ட போவாம தள்ளிகினு இருக்காரு."

"அதுக்கு இன்னா இப்ப அவசரம்? அடுத்த கிருத்திகைக் கூட்டம் போவட்டும்..." என்று தணிகைமணி ஆரம்பித்தார்.

"போதும். நீங்க பேசாம இருங்க."

அடுத்த மாதம் திருவள்ளூரில் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் திரும்பினார்கள். திருத்தணி ஸ்டேஷன் வாசலில், அவர் தினமும் நிற்கிற அதே ஸ்டாண்டில், மகன் வயசு டிரைவர் ஒருவன் ஓடிவந்து தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டான். காசு வேண்டாம் என்றான். தன் பக்கத்தில் புருஷன் பின்சீட்டில் உட்கார்ந்து வருவதை நிர்மலா அன்றுதான் முதலில் பார்த்தாள். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அவர் கம்பியைப் பிடித்தார், விட்டார், மறுபடியும் பிடித்தார்.

"ஏம்பா, செகண்டுல போடு. சந்தையாண்ட பள்ளம் இருக்குது."

"பாத்துகினுதான் போறேன் நைனா."

மார்க்கெட் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் தணிகைமணியின் வலது பாதம் தானாகவே முன்னால் போய், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி, வெறுந்தரையை அழுத்தியது. நிர்மலா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பாதத்தை மெதுவாக அதன்மேல் வைத்தாள்.