பன்னிரண்டாம் மாடியில் பனிச்சிறுத்தை

கோழிமுட்டை விலை ஏறிய அதே வாரத்தில், புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் பன்னிரண்டாம் மாடிக்குப் பனிச்சிறுத்தை ஒன்று குடிவந்தது. அந்த மாடியில் மட்டும் பனி பெய்தது. பதினொன்றாம் மாடியில் வழக்கம்போல் மின்விசிறி சுற்றியது. பழி முழுக்க அந்த மாடியில் குடியிருந்த உமாமகேஸ்வரியின் தலையில் விழுந்தது. லடாக் மலைகளில் பதினோரு குளிர்காலம் அந்த மிருகத்தை ஆராய அலைந்தவள் அவள். பாறையில் கட்டிய கேமரா எடுத்த படங்கள், காலடித் தடங்கள், காய்ந்த எச்சம், இவ்வளவுதான் கிடைத்தன. கண்ணால் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இங்கேயோ அதை வெறுத்தவர்களெல்லாம் தினமும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கமலம் துணி காயப்போடும்போது பார்த்தாள். கோடிவீட்டு அப்துல் காதர் அதோடு மின்தூக்கியில் நான்கு மாடி இறங்கினார். உமா கதவைத் திறந்தால் மட்டும் நடைபாதை காலியாகக் கிடந்தது. அவளுக்கு வயிறெரிந்தது.

அண்டைவீட்டார் சும்மா இருப்பார்களா? அவளுடைய காலணிகளைக் குப்பையில் போட்டார்கள். கதவில் சாயம் ஊற்றினார்கள். எதிர்வீட்டு ரகுபதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அதிகாரிகள் கூண்டு வைத்தார்கள். தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டுத்தொடைக்கு ஆசைப்பட்டு, ஒரு ஞாயிறு காலை மிருகம் உள்ளே போனது.

ரகுபதி உமாவின் கதவை இடித்தார். "வாம்மா, உன் ஆளு உள்ள உக்காந்திருக்கு. பாத்து ஒரு சைன் போட்டா போதும் லா. லாரி கீழ ரெடி."

அதிகாரிகளின் விதி அப்படி. இன்ன மிருகமென்று தெரிந்தவர் நேரில் பார்த்து எழுதித் தராமல் அதைக் கொண்டுபோக முடியாது. தெரிந்தவள் நாட்டிலேயே இவள் ஒருத்திதான். கொண்டுபோனால் அதற்கு மிருகக்காட்சிசாலைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆயுள்தண்டனை. பார்த்துவிட்டாலோ, பொய் எழுத அவளுக்குக் கை வராது. உமா கண்களை இறுக மூடிக்கொண்டு வெளியே வந்தாள். ஐந்தடி தள்ளி மூச்சுச் சத்தம் கேட்டது.

"நான் பாக்கல அங்கிள். பாக்காததுக்கு எப்படி சைன் போடறது?"

"கண்ணத் தொறம்மா! விளையாடுறியா?"

மாலைவரை அவள் திறக்கவில்லை. களைத்துப்போன அதிகாரிகள் படிவத்தில் 'பூனை, ஒன்று' என்று எழுதிக் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க இருந்த தடை போய், இப்போது அனுமதி உண்டு.

ரகுபதி ஜாலான் புசார் கடையொன்றில் ஒரு கம்பளிச்சட்டை வாங்கிக்கொண்டார். அவளோடு பேசுவதில்லை. மாதம் தவறாமல் மனுக் கொடுக்கிறார், மாதம் தவறாமல் அதிகாரி படிவத்தோடு வந்து, பார்த்தாயா என்று அவளிடம் கேட்கிறார். அதனால் உமா கண்ணை மூடிக்கொண்டே பனியில் சுவரைத் தடவித் தடவி மின்தூக்கிக்குப் போகிறாள். ஈரமான ரோமம் காலில் உரசினால் ஒதுங்கி வழிவிடுகிறாள்.