பாம்பில்லாத புற்று

வெள்ளானூரில் அந்த அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த பொது இடம் முள்ளும் எருக்குமாகக் கிடந்தது. நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் வித்யா தலைமையில் பெண்கள் போய்ப் பால் ஊற்றி, இரண்டு முட்டை வைத்துக் கும்பிட்டு வருவார்கள். மறுநாள் முட்டை இருக்காது. நாகாத்தம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று எல்லோருக்கும் மெய் சிலிர்க்கும்.

ஏற்றுக்கொண்டது யார் என்று முதல் மாடி ராஜகுமாரிக்குத் தெரியும். ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக மிஷினில் குனிந்திருப்பவள் அவள். வேலை முடிந்து வந்ததும் டீயோடு பால்கனியில் உட்கார்ந்துவிடுவாள். புற்றிலிருந்து தாய்க்கீரி வரும், பின்னாலேயே மூன்று குட்டிகள். ஒன்று இன்னொன்றின் வாலைக் கடித்து இழுக்கும். இழுபட்டது திரும்பிப் பாய, இரண்டும் கட்டிப் புரண்டு எருக்கஞ்செடிக்குள் விழும். மூன்றாவது சும்மா இருக்குமா? இரண்டின் மேலும் ஏறிக் குதிக்கும். தாய் முட்டையைப் பின்னங்கால் இடுக்கு வழியாகக் கல்லில் வீசி உடைக்கும். குட்டிகள் அந்த வித்தையைக் கூழாங்கல்லில் பழகும். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் சிவராமன் திட்டத்தை எடுத்து வைத்தார். புற்றைச் சுற்றித் தளம் போட்டு, டைல்ஸ் பதித்துக் கோயில். மிச்ச இடம் முழுக்க கார் நிறுத்த. எல்லோரும் கைதட்டினார்கள்.

ராஜகுமாரி எழுந்தாள். "தளம் போட்டா உள்ள கீறதுங்க எங்க போவும்?"

"நாகம்மா எங்கேயும் போகமாட்டா, அக்கா" என்றாள் வித்யா.

'அம்மன் கனவில் வந்து சிமெண்டு கூடாதென்றாள்' என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னம்மாள் காதோடு அதைத்தான் சொன்னாள். ராஜகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீரி உயிர் பிழைக்கப் பாம்பு வேஷம் போட வேண்டுமா?

"அதுல பாம்பே கெடயாது. கீரிதான் கீது. நீங்க வைக்கிற முட்டைய அதுங்கதான் துண்ணுது. டெய்லி பாத்துகினுதான் கீறேன்."

வித்யா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிவராமனுக்கோ வாயெல்லாம் பல். "அப்போ கோயில் வேண்டாம். மொத்தமும் பார்க்கிங் ஆக்கிடலாம். யாருக்காவது ஆட்சேபணை?"

"எனக்குக் கீது."

"காரணம் சொல்லுங்க."

"குட்டிங்க வெளையாடுது. நான் பாக்குறேன். பாத்தா சந்தோஷமா கீது."

கூட்டமே கொல்லென்று சிரித்தது. "இதெல்லாம் ஒரு காரணமா அக்கா?" என்றார் சிவராமன்.

"நீ கார் வுடறது உன் சௌகரியம். இது என் சந்தோஷம். எது ஒசத்தின்னு நீ சொல்லாத. காரணத்த எழுதிக்கோ, நைனா."

அவர் எழுதவில்லை. பார்க்கிங்குக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன, அவளுடையதைத் தவிர. வாய்விட்டுச் சொன்ன உண்மை புற்றின் ஒரே காவலையும் எடுத்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வலித்தது. ஆனாலும் சொன்னதற்காக வருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசிபி உறுமிக்கொண்டு வந்தபோது, புற்றுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ராஜகுமாரி உட்கார்ந்திருந்தாள். மடியில் இட்லி டப்பா. வண்டி கிட்டே வந்தும் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார்.

சிவராமன் ஓடிவந்து கெஞ்சினார், மிரட்டினார், மறுபடியும் கெஞ்சினார். அதற்குள் என்ஜின் சத்தம் அடங்கியதும் ஒரு குட்டி மூக்கை நீட்டியது. பிறகு மூன்றும் வந்து ஒன்றையொன்று துரத்தின. ஒன்று ஜேசிபி சக்கரத்தைச் சுற்றி ஓடி, நேராக வந்து அடுத்ததன் மேல் விழுந்தது. ராஜகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள். ஓட்டுநரும் சிரித்துவிட்டார்.

"இதுங்க ஆட்டம் எப்போ முடியும்?" என்று பல்லைக் கடித்தார் சிவராமன்.

"இன்னிக்கு ஒம்போது மணிக்கு முடிஞ்சிடும்" என்றாள் ராஜகுமாரி, டப்பாவைத் திறந்தபடி. "நாளைக்கும் அதுங்க ஆடும். நான் லீவு எழுதிக் குட்த்துட்டுதான் வந்துகீறேன்."