காது எழுதிய புகார்கள்

மேற்பார்வையாளர் கதவைச் சாத்தியபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்ல யாரும் கதவைச் சாத்துவதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தொலைபேசி மேசையில், முடிவு கேட்டு அழைப்பவர்களுக்குத் திரையில் இருப்பதைச் சொல்வது அவள் வேலை. கண் தெரியாத அவளுக்குத் திரையை ஒரு செயலி வாசித்துக் காட்டும். ஒரு காதில் செயலி, மறு காதில் அழைத்தவர். நேற்று, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்த ஒரு பெரியவரிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அது அவருக்கு முன்னால் அழைத்த பெண்ணின் முடிவு.

"அவர் பொண்ணு நேர்ல வந்து பேப்பர் வாங்கிப் பாத்ததால தப்பிச்சோம். பாக்கலைன்னா?"

"சார், என் காதுல விழுந்ததைத்தான் சொன்னேன்."

"அதாம்மா பயமா இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு. இல்லேன்னா லைனை வேற ஆளுக்குத்தான் மாத்தணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அவர் வருத்தப்பட்டார். வருத்தப்படுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

காரணம் அவளுக்குத் தெரியும். போன வாரம் டெக்னீஷியன் வந்து செயலியின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போனார். முன்பெல்லாம் திரை மாறினால் செயலி ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு, புதுப் பக்கம் முழுதாக வந்தபின் பேசும். இப்போது அவசரக் குடுக்கையாகிவிட்டது. பழைய பக்கம் போவதற்குள் அதிலிருப்பதை வாசித்துவிடுகிறது. பழசையே திரும்ப ஏற்றுங்கள் என்று கேட்டதற்கு, "பழசு இந்த மெஷின்ல ஏறாதுக்கா" என்று டெக்னீஷியன் போனிலேயே கையை விரித்துவிட்டார்.

செயலி இலவசம். எங்கெங்கோ இருக்கும் ஒரு பத்துப் பேர் பிழைப்பு போக மிஞ்சிய நேரத்தில் எழுதுவது. அதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம். அந்தப் பத்துப் பேரில் அவள் ஒருத்திக்கு மட்டும் நிரல் எழுதத் தெரியாது, கேட்கத் தெரியும். அதனால் அவளுக்கு அங்கே 'காது' என்று பெயர். எங்கே இடறுகிறது, எந்தத் திரைக்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து சோதித்து, ஒரு பெரிய கம்பெனியின் இணையதளத்தில் புகார்களாகப் பதிந்து வைத்திருந்தாள். எல்லோரும் பேசிக்கொள்வதும் அங்கேதான். இடம் சும்மா கிடைத்தது, வசதியாகவும் இருந்தது. கொஞ்ச நாளாகப் புகார் சொல்ல ஒன்றும் இல்லாததால் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையப் பார்த்தாள். தளம் புதிதாக ஒரு படப் புதிர் போட்டு, நீ மனிதர்தான் என்று நிரூபி என்றது. பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டியிருந்த கணவனைக் கூப்பிட்டாள்.

"பஸ் இருக்கிற கட்டத்தை எல்லாம் தொடணுமாம். நல்லா ஆளைப் பாத்துதான் கேட்டிருக்கான்" என்று அவன் உட்கார்ந்தான். முதல் தடவை தோற்றான்.

"என்னங்க, பஸ்ஸு தெரியலையா உங்களுக்கு?"

"ஏய், கண்ணாடி மட்டும் ஒரு கட்டத்துல நீட்டிக்கிட்டு இருக்குடி. கண்ணாடி பஸ்ஸா இல்லையா? டிப்போல கேட்டா ஆமாம்பான்."

மூன்றாவது தடவை கதவு திறந்தது. அவன் வாயாலேயே ஹாரன் அடித்தான். அவள் சிரித்துக்கொண்டே மடிக்கணினியை வாங்கிக் காதில் மாட்டினாள். செயலி வாசித்தது: இயந்திரம் போன்ற செயல்பாடு காணப்பட்டதால் இந்தக் கணக்கு சென்ற மாதம் முடக்கப்பட்டது.

சுட்டியைத் தொடாமல், விசைகளை மட்டும் தட்டி, கண் உள்ளவர்களைவிட வேகமாகப் பக்கம் பக்கமாகத் தாவுகிறவள் அவள். யந்திரத்தின் கணக்கில் அப்படித் தாவுவது யந்திரம்தான். முறையீடு எழுதி அனுப்பினாள். அவன் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிட்டது: பரிசீலித்தோம், மாற்றமில்லை.

"அதுக்குள்ள படிச்சிட்டானா?" என்றான் கணவன். அவள் மடிக்கணினியை மூடி வைத்தாள்.

செயலியின் பொறுப்பாளர் ஒரு கேன்டீனில் சமையல்காரர். மறுநாள் மத்தியானப் பந்தி ஓய்ந்த நேரம் பார்த்து அவரை அழைத்தாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தளத்தைத் திறந்து தேடினார். பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா? இருக்கீங்களா?"

"நீ எழுதினது ஒண்ணுமே இல்லம்மா. கணக்கை முடக்கினா எழுதினதெல்லாம் சேர்ந்து போயிடுமாம். என் பதில் மட்டும் நிக்குது. பைத்தியக்காரன் சுவத்தோட பேசின மாதிரி."

"அந்தப் பொறுத்துப் பேசுற பகுதியை யாருண்ணா எடுத்தது?"

"புதுசா வந்த ஒரு காலேஜ் பையன். அவன் மேல தப்பு சொல்ல முடியாது. அந்த வரிக்குப் பக்கத்துல 'காரணத்துக்குக் காதோட புகாரைப் பார்க்க'ன்னு எழுதி வச்சது நான்தான். அவன் போய்ப் பாத்திருக்கான், அங்க ஒண்ணும் இல்ல. ஏதோ குப்பைன்னு நினைச்சுப் பெருக்கித் தள்ளிட்டான். நானும் சரின்னுட்டேன். யாரும் புகார் சொல்லலையே, நல்லாத்தான் ஓடுதுன்னு இருந்துட்டேன்."

"திரும்பப் போட்டுடலாம்ல?"

"அந்த இடத்தையே மாத்திக் கட்டிட்டாங்க. பழைய வரியும் அளவும் இதுல ஒட்டாது, புதுசாத்தான் எழுதணும். எந்தத் திரைக்கு எதுக்காக எவ்வளவு பொறுக்கணும்? சொல்லு, ராத்திரியே உக்காந்துடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு திரையின் கணக்குகூட நினைவுக்கு வரவில்லை. எழுதி வைத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் ஒவ்வொன்றாக மறந்துபோயிருந்தாள்.

"ஒரு நகல் எடுத்து வச்சிருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"நீ சொன்னே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நம்ம பேச்செல்லாம் அடுத்தவன் வீட்டுல கிடக்கு, நகல் எடுங்கன்னு." சமையல்காரர் தொண்டையைச் செருமினார். "அதையும் அங்கதாம்மா எழுதினே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு நின்றபின் யாருக்கும் போனை வைக்கத் தெரியவில்லை. செயலியின் ஒவ்வொரு வரியும் பத்து வீட்டுக் கணினிகளில் பத்திரமாக இருந்தது. அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனிலேயே முட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு அளவு வைப்பார், அவள் கேட்டுப் பார்ப்பாள். ஒரு திரைக்குச் சரியானால் இன்னொன்றில் வாய் முந்திக்கொள்ளும். இதற்கு முன்பு பிடிபட எத்தனை மழைக்காலம் ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை. ஞாயிறு சாயங்காலம், "ஓரளவுக்கு வந்திருக்கு" என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஓரளவுக்குச் சரியான ரத்தப் பரிசோதனை முடிவை யாருக்குச் சொல்வது?

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்று அவள் தலையசைத்ததே போதுமாக இருந்தது. லைன் பக்கத்து மேசைக்குப் போனது. "வேற ஏதாவது பாக்கலாம்மா, இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு, எதைப் பார்க்கலாம் என்று சொல்லாமல் போனார். பக்கத்து மேசைப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். இவளுக்குக் கேட்கக் கூடாது என்று பார்க்கிறாள் போலிருந்தது.

கை சும்மா இருக்கவில்லை. அந்தத் தளத்தைத் திறந்தாள். உள்ளே போகாமல் வெளியில் நின்று படிக்க யாருக்கும் தடையில்லை. செயலி தன் ஒரே குரலில் சமையல்காரரின் பதில்களை வாசித்துக்கொண்டே போனது. சரியாச் சொன்னே. ஐயோ, இதைக் கேட்டு அடுப்புல எதையோ தீய விட்டுட்டேன். நீ சொன்னபடியே வச்சுடறேன், தூங்கப் போ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் தான் என்ன சொன்னோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் கீழே, இன்று காலையில் அந்தக் காலேஜ் பையன் ஒரு வரி எழுதியிருந்தான்.

அண்ணா, இங்கே யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?

அவள் கீழ்நோக்கும் விசையைத் தட்டினாள். பதில் எழுத உள்ளே நுழையவும் என்றது செயலி. மறுபடி தட்டினாள். பக்கம் முடிந்தது என்றது. பக்கத்து மேசையில் போன் அடித்தது. பாதி நீண்ட கையை அவள் மடிக்குத் திரும்பக் கொண்டுவந்தாள்.