அடக்க ஒன்றுமில்லை

“மருந்தை இப்பவே ஏத்துங்க டாக்டர். ஏத்திட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க.”

அவள் இப்படிச் சொன்னதும் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டரிடம் அதைச் செய், இதைச் செய் என்று வாயைத் திறக்கவே கூடாது என்று வாசலிலேயே அவளுக்கு ஓதித்தான் உள்ளே கூட்டி வந்திருந்தார்.

“வீட்லயே முதல்ல டிகிரி வாங்கினவ. அந்தத் திமிரு, மனசுல வச்சுக்காதீங்க டாக்டர்” என்று குழைந்தார்.

டாக்டர் சிரித்தார். “சிறுநீர்ல கிருமிதாம்மா. டெஸ்ட் ரிசல்ட் நாளைக்கு வரட்டும். எடுத்தேன் கவிழ்த்தேன்னு மருந்து குடுக்க முடியாது.”

கட்டிலில் அம்மா கண்ணைத் திறக்காமல், தைத்து முடிக்காத காலர்களைப் பற்றிப் பிதற்றிக்கொண்டிருந்தாள். கை பனிக்கட்டியாய்க் கிடந்தது.

சற்று முன்புதான் சித்தி பெருமையடித்தாள். “தங்கமான நோயாளி. காலையிலேர்ந்து ஒரு தடவைகூட பாத்ரூம் கேக்கல. எங்க தையல் கம்பெனி பழக்கம் அப்படி. ஷிப்ட் முடியிற வரைக்கும் அடக்கிடுவோம்ல.”

அவள் போர்வையை விலக்கினாள். அம்மாவின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அடக்கியிருந்தால் கல்லாய் உப்பியிருக்க வேண்டிய வயிறு துவண்டு கிடந்தது. அடக்குவதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை.

“என்னம்மா படிச்சிருக்க?” என்றார் டாக்டர்.

“பி.காம்.”

“அப்ப கணக்கைப் பாரு.”

“அதைத்தான் பாக்கறேன். ரெண்டு பாட்டில் சலைன் உள்ள போயிருக்கு. வெளிய ஒரு சொட்டு வரல. நூத்திருபது இருக்க வேண்டிய பிரஷர் எண்பதுன்னு நர்ஸ் சொல்றாங்க.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. அவரே குனிந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். நர்ஸிடம் ஆன்ட்டிபயாடிக்கைப் போடச் சொன்னார். மருந்து ஏறியது, இன்னொரு பாட்டிலும் வேகமாய் இறங்கியது. மறுபடி பார்த்தபோதும் பிரஷர் எண்பதைத் தாண்டவில்லை.

“அதான் போட்டுட்டார்ல. சாயங்காலம் வரைக்கும் பாப்போம்” என்றார் மாமா.

“பிரஷர் ஏத்துற மருந்து இங்க இருக்கா டாக்டர்?”

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

“சாயங்காலம் வரைக்கும் கிட்னி தாங்குமா?”

டாக்டர் சீட்டை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத ஆரம்பித்தார்.

“வழியில ஏதாவது ஆச்சுன்னா யாருடி பதில் சொல்றது?” மாமாவின் குரல் உடைந்தது.

அதே கேள்விதான் அவளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் சொல்றேன். ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது மாமா. டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டேன்.”

ஸ்ட்ரெச்சர் உருண்டது. சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மாமா கூப்பிடக் கூப்பிட, அவள் வெளியே நடந்தாள்.