சுண்ணாம்புக் கோட்டு வீடுகள்

2014 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை காலை, நெய்வேலி நகரியத்தின் பதினாறாம் வட்டத்து மைதானத்தில், சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஓர் ஊரின் பெரிய தெருவும் காலனியும் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் வரையப்பட்டிருந்தன.

வரைந்தவள் இசைப்பிரியா. அந்தக் காலனியில் பிறந்து, ஊர் போன பிறகு முத்தாண்டிக்குப்பத்தில் வளர்ந்து, கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். ஊரார் சொல்லச் சொல்லக் கேட்டு, சுவர் இருந்த இடத்தில் கோடு போட்டு, வாசல் இருந்த இடத்தில் இடைவெளி விட்டிருந்தாள். மைதானத்தின் ஓரத்தில் சவுக்குக் கழிகளால் கட்டிய சாரத்தின் உச்சியில் அவள் நண்பன் கார்முகில் கேமராவோடு உட்கார்ந்திருந்தான். பனி விலகிய பின், வெயில் ஏறிக் கோடுகள் மங்குவதற்குள், மேலிருந்து ஒரே ஒரு படம். சென்னையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அது.

படத்தில் தன் அம்மா செங்கமலம் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். பெரிய தெருவில், விஜயலட்சுமி வீட்டுக் கூடத்தில். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஊர் காலியாகும்வரை அந்த வீட்டு வயலில் நடவும் களையும் அறுப்பும் செய்தவர் செங்கமலம். முன்வாசலில் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை.

மனிதர்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்தார்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு இரண்டு தெருக்கள் மட்டுமே இருந்தன. யாரும் கோட்டை மிதிக்கவில்லை. இடைவெளியைத் தேடிப் போய் அதன் வழியாக நுழைந்தார்கள். உயரமான ஒருவர் வெறும் காற்றில் தலை குனிந்து உள்ளே போனார். அவர் வீட்டு வாசல் நிலை தாழ்வு. உள்ளே போனதும் குரல்கள் தணிந்தன. ஒரு பெண் அடுப்படி மூலையில் போய்ச் சும்மா நின்றாள். முழங்காலுக்குக் கீழே அவளைப் பனி மூடியிருந்தது.

"அளவு தப்பும்மா," என்றார் ஊர்க்காரர் கொளஞ்சிநாதன், இசைப்பிரியாவிடம். "இவன் செவுரு எங்க பக்கம் ஒரு அடி வந்துகினு இருக்குது."

பக்கத்து வீட்டு ராஜேந்திரன் தன் கூடத்திலிருந்தே கேட்டார். "மண்ணையே அள்ளிக்கினு போயிட்டாங்க. இன்னும் அந்த ஒரு அடிய வுட மாட்டியா மச்சான்?"

"வுட்டா நீ ரெண்டடி வருவ."

செங்கமலம் கடைசியாக வந்தார். நகரியத்தில் கான்ட்ராக்டில் தெரு பெருக்குகிறவர். வேலைக்குக் கட்டும் சேலையிலேயே வந்திருந்தார். விஜயலட்சுமி வீட்டு முன்வாசலைக் கடந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றார். அங்கே கோடு இடைவெளியே இல்லாமல் ஓடியது.

"தோட்டத்துக் கதவு எங்கடி?"

இசைப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டைப் பற்றி விஜயலட்சுமியிடம்தான் கேட்டிருந்தாள். கூடம், சாமி அறை, நெல் கொட்டும் அறை எல்லாம் சொன்னவர் பின்கதவைச் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்க இவளுக்கும் தோன்றவில்லை.

"அது வேணாம்மா. முன்னாடி வழியா வா. அதுக்குத்தான் இதெல்லாம்."

"எனக்கு அந்த வழி பழக்கமில்ல."

"இது மைதானம்மா!"

"அப்ப ஏன் எல்லாரும் கோட்ட சுத்திகினு போறாங்க?"

கூடத்தில் நின்றிருந்த விஜயலட்சுமி திரும்பிப் பார்த்தார். "உள்ள வாயேன் செங்கமலம். இது என்ன வூடா? வெறும் கோடுதான."

செங்கமலம் சிரித்தார். "கோடுதாங்கம்மா. அப்ப நீங்க எங்க வூட்டுக்கு வாங்களேன். டீத்தண்ணி எதுவும் குடுத்துட மாட்டேன், பயப்படாதீங்க."

அடுத்த கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். செங்கமலம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலனிக்கு நடந்து போய், தன் ஒற்றை அறை வீட்டின் இடைவெளி வழியாக நுழைந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இசை, பனி விலகிடுச்சு!" கார்முகில் மேலிருந்து கத்தினான். "யார் எங்க போகணுமோ சீக்கிரம் போகச் சொல்லு!"

இசைப்பிரியா யாரையும் எங்கும் போகச் சொல்லவில்லை.

விஜயலட்சுமி சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி முன்வாசல் வழியாக வெளியே வந்தார். தெருவோடு நடந்தார். பெரிய தெருவின் கோடுகள் முடியும் இடத்துக்கும் காலனியின் கோடுகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் வெறும் புல். ஊரில் அங்கே வயல் இருந்தது. இசைப்பிரியா அதை வரையவில்லை. ஈரப் புல்லில் அவர் நடை மெதுவானது. பிறகு நின்றது. வெயில் வந்து மைதானத்தில் விழுந்தது.

"எடு," என்றாள் இசைப்பிரியா.

படம் மார்ச் மாதம் சென்னையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதில் பெரிய வீட்டுக் கூடம் காலியாக இருக்கிறது. செங்கமலம் தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். விஜயலட்சுமி இரண்டு தெருக்களுக்கும் நடுவே புல்லில் நிற்கிறார்.